எண்ணிப் பார்த்து வெட்டிய ஆறு கவுண்டிகள்

"அயர்லாந்து நூறு வருடத்துக்கு முன்பே விடுதலை வாங்கிவிட்டது. அப்படியானால் வட அயர்லாந்து மட்டும் ஏன் இன்னும் பிரிட்டனோடு இருக்கிறது? அது கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் மதச் சண்டைதானே? இரண்டும் இனி ஒன்று சேருமா?" கேட்கப்பட்டது இதுதான். நடுவில் இருக்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அங்கே தடுக்கி விழுந்தால் மற்ற இரண்டுக்கும் போய்ச் சேர முடியாது.

வேதத்துக்கு யார் சொல்லும் பொருள் சரி என்று அங்கே யாரும் அடித்துக்கொள்ளவில்லை. மதம் அங்கே குடும்ப அட்டை மாதிரி. உன் முன்னோர் இந்த மண்ணிலேயே இருந்தவர்களா, வெளியிலிருந்து கொண்டுவந்து நிலம் கொடுத்துக் குடிவைக்கப்பட்டவர்களா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். பெயரைக் கேட்டால் பாதி தெரியும். படித்த பள்ளியைச் சொன்னால் மீதியும் தெரியும். அதுவும் போதவில்லை என்றால் ஆங்கிலத்தின் எட்டாவது எழுத்தைச் சொல்லச் சொல்வார்கள். புராட்டஸ்டன்ட் வீட்டில் வளர்ந்தவர் 'எய்ச்' என்பார், கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர் 'ஹெய்ச்' என்பார். நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிற 'ஹெச்' வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட்டில் நம்மைக் கத்தோலிக்கத் தெருவில் கொண்டுபோய் விட்டுவிடும். 1960-களின் கடைசியிலிருந்து 1998 வரை நீண்ட கலவர காலத்தில் இது வேடிக்கையாக இருக்கவில்லை.

இது தொடங்கிய இடம் 1607. தீவின் வடக்கே உள்ள அல்ஸ்டர் மாகாணத்தின் கேலிக் (பழைய ஐரிஷ் குடி) தலைவர்கள் ஆங்கிலேயரிடம் தோற்று, கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். இரண்டே வருடத்தில் அவர்கள் விட்டுப்போன நிலத்தை அளந்து, ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்களுக்கு அரசு பங்குபோடத் தொடங்கியது. டெர்ரி ஊரை லண்டன் வணிகச் சங்கங்களிடம் ஒப்படைத்தார்கள். 1613-ல் ஊர்ப் பெயரோடு லண்டனும் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை ஒரு பக்கத்தார் டெர்ரி என்கிறார்கள், மறு பக்கத்தார் லண்டன்டெர்ரி என்கிறார்கள். யாரையும் நோகடிக்க விரும்பாதவர்கள் இரண்டையும் எழுதி நடுவில் சாய்கோடு போடுவதால், ஊருக்கே 'ஸ்ட்ரோக் சிட்டி' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது.

மற்ற மூன்று மாகாணங்களிலும் பெரும்பாலும் பண்ணையார் புராட்டஸ்டன்ட், குத்தகைக்காரர் கத்தோலிக்கர். பண்ணையாரிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். 1903 நிலச் சட்டத்துக்குப் பிறகு பெருமளவில் அதுதான் நடந்தது. அல்ஸ்டர் அப்படியில்லை. அங்கே உழவர், நெசவாளர், தச்சர் என்று சாதாரண சனமே புராட்டஸ்டன்ட். முந்நூறு வருடம் உழுத நிலத்தை விட்டுப் போக அவர்களுக்கு வேறு ஊர் கிடையாது. முழுக் கதைக்கும் முடிச்சு இங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து.

1689-ல் டெர்ரி கோட்டைக்குள் 105 நாள் முற்றுகையில் கிடந்தது, மறு வருடம் பாய்ன் ஆற்றங்கரையில் மூன்றாம் வில்லியம் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸைத் தோற்கடித்தது இரண்டும் அவர்களுக்கு நேற்று நடந்தவை போல. ஒவ்வொரு ஜூலை 12-ம் ஆரஞ்சுப் பட்டை அணிந்து, பெரிய முரசு கொட்டி ஊர்வலம் போகிறார்கள். அதற்காக ஆதியிலிருந்தே எண்ணெயும் தண்ணீருமாக இருந்தார்கள் என்று நினைக்கவேண்டாம். 1798-ல் பிரிட்டனுக்கு எதிராகக் கிளம்பிய 'ஐக்கிய ஐரிஷ்காரர்கள்' இயக்கம் பிறந்ததே பெல்ஃபாஸ்ட்டில்தான். அதன் முக்கியத் தலைவர் வுல்ஃப் டோன் புராட்டஸ்டன்ட். அந்தக் கிளர்ச்சியை நசுக்கிய கையோடு, 1801 ஜனவரி 1 முதல் அயர்லாந்தை பிரிட்டனோடு ஒரே நாடாக இணைத்துவிட்டார்கள்.

இணைப்பால் என்ன கிடைத்தது என்பதற்கு இரண்டு பகுதியும் இரண்டு பதில் சொல்லும். தெற்கும் மேற்கும் சொல்லும் பதில் பஞ்சம். 1845-ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. அடுத்த ஏழு வருடத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பலேறிப் போனார்கள். சனம் செத்துக்கொண்டிருந்தபோதே தானியம் துறைமுகங்கள் வழியாக ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த தீவின் மக்கள்தொகை இன்றும் அந்த எண்ணைத் தொடவில்லை. பஞ்ச நிவாரணத்தை லண்டன் கருவூலத்திலிருந்து மேற்பார்த்த அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன். சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்று கையை இறுக்கியவர் என்று ஐரிஷ்காரர்கள் இன்றும் திட்டுகிறார்கள். அதே மனிதர் 1859-ல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் போட்ட பூங்காதான்.

பெல்ஃபாஸ்ட் சொல்லும் பதில் வேறு. அதே நூற்றாண்டில் அது லினன் துணியாலும் கப்பல் கட்டுவதாலும் கொழித்தது. டைட்டானிக் கட்டப்பட்ட ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் தளம் அங்கேதான். அந்த ஊரின் சரக்கு பிரிட்டிஷ் பேரரசு முழுக்கப் போயிற்று. டப்ளினில் ஒரு உழவர் நாடாளுமன்றம் உட்கார்ந்து சுங்கவரி போட்டால் பிழைப்பு போய்விடும் என்று முதலாளியும் பயந்தார், தொழிலாளியும் பயந்தார். கூடவே 'ஹோம் ரூல் வந்தால் ரோம் ரூல் வரும்', அதாவது போப்பின் ஆட்சி வரும் என்ற முழக்கம்.

ஹோம் ரூல் என்றால் முழு விடுதலைகூட இல்லை. மன்னரை வைத்துக்கொண்டே டப்ளினில் ஒரு சட்டமன்றம், அவ்வளவுதான். (அந்தப் பெயரைத்தான் ஐரிஷ் வம்சாவளியினரான அன்னி பெசன்ட் 1916-ல் சென்னையில் தம் இயக்கத்துக்கு வைத்தார்.) 1886-ல் ஒரு மசோதா கீழவையில் தோற்றது, 1893-ல் இன்னொன்று மேலவையில் தோற்றது. 1911-ல் மேலவையின் தடுக்கும் அதிகாரத்தைக் குறைத்ததும், மூன்றாவது மசோதா நிறைவேறியே தீரும் என்ற நிலை வந்தது.

பலரும் இந்தக் கதையை 1916 ஈஸ்டர் எழுச்சியிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு நான்கு வருடம் முன்னாலிருந்து பார்க்கவேண்டும். 1912 செப்டம்பர் 28. பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தில் மேசை போட்டு, பிரிட்டிஷ் கொடி விரித்து, ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். முதல் கையெழுத்து, பிரிட்டனோடேயே இருக்கவேண்டும் என்ற யூனியனிஸ்ட்களின் தலைவர் எட்வர்ட் கார்ஸன்; வேடிக்கை என்னவென்றால் அவர் டப்ளின்காரர். ஆண்கள் உடன்படிக்கையிலும் பெண்கள் தனிப் பிரகடனத்திலுமாக 4,70,000 பேருக்கு மேல் ஒப்பமிட்டார்கள். ஹோம் ரூலைத் தோற்கடிக்கத் 'தேவைப்படும் எல்லா வழிகளையும்' கைக்கொள்வோம் என்று உடன்படிக்கையில் இருந்தது. வெறும் பேச்சில்லை அது. 1914 ஏப்ரலில் ஜெர்மனியிலிருந்து ஏறக்குறைய 25,000 துப்பாக்கிகளை லார்ன் துறைமுகத்திலும் பக்கத்துத் துறைகளிலும் ராத்திரியோடு ராத்திரியாக இறக்கினார்கள். யாரும் தடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஹோம் ரூலை ஆதரித்த மறு தரப்பு டப்ளின் அருகே ஹௌத்தில் சில நூறு துப்பாக்கிகளைப் பகலில் இறக்கியபோது ராணுவம் வந்தது. அன்று மாலை டப்ளின் தெருவில் கூட்டத்தைச் சுட்டது. மன்னருக்கு விசுவாசம் பேசியவர்கள்தான் ஐரிஷ் அரசியலுக்குள் துப்பாக்கியை மறுபடி கொண்டுவந்தார்கள். அல்ஸ்டரைத் தனியாகப் பிரிப்பது என்ற பேச்சும் அப்போதே மேசைக்கு வந்துவிட்டது.

உலகப்போர் வந்ததால் எல்லாம் ஒத்திவைக்கப்பட்டது. 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். பேட்ரிக் பியர்ஸ், ஜேம்ஸ் கானலி தலைமையில் ஆயிரத்துச் சொச்சம் பேர் டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தையும் வேறு சில கட்டடங்களையும் பிடித்துக் குடியரசு என்று அறிவித்தார்கள். ஆறு நாளில் முடிந்தது. செத்தவர்களில் பாதிக்கு மேல் பொதுமக்கள். கைதிகளை நடத்திக்கொண்டு போகையில் டப்ளின்காரர்களில் பலர் வசைபாடினார்கள். அத்தோடு விட்டிருந்தால் கதை வேறு. பிரிட்டிஷ் ராணுவம் மே 3 முதல் 12 வரை, ஒரே நாளில் முடிக்காமல், இன்றைக்கு மூன்று பேர், நாளைக்கு நான்கு பேர் என்று சுட்டுக்கொன்றது. ஜோசப் பிளங்கெட் சிறைக் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு, சில மணி நேரத்தில் சுடப்பட்டார். காயத்தால் நிற்க முடியாத கானலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். ஒவ்வொரு காலையும் செய்தி வர வர, ஊர் மனசு மாறிவிட்டது.

அதே வருடம் ஜூலை 1-ல் பிரான்சில் சோம் போர்க்களத்தில் அல்ஸ்டர் புராட்டஸ்டன்ட்களின் 36-வது டிவிஷன் இறங்கியது. இரண்டே நாளில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 5,000-க்கு மேல். பெல்ஃபாஸ்ட்டில் 1916 என்றால் அது. டப்ளினில் 1916 என்றால் தபால் நிலையம். ஒரே வருடத்துக்கு இரண்டு திதி.

1918 டிசம்பர் தேர்தலில் விடுதலை கேட்ட சின் ஃபெய்ன் 105 இடங்களில் 73-ஐ வென்றது. ஹோம் ரூல் கேட்ட பழைய கட்சி ஆறுக்குச் சுருங்கியது. வென்றவர்கள் லண்டனுக்குப் போகாமல் 1919 ஜனவரி 21-ல் டப்ளின் மேயர் மாளிகையில் தங்கள் சொந்த நாடாளுமன்றத்தை, டாயிலை, கூட்டினார்கள். வந்தவர்கள் 27 பேர். வருகைப் பதிவு வாசிக்கும்போது பெயருக்குப் பின் பெயராக ஐரிஷ் மொழியில் ஒரே பதில் வந்துகொண்டிருந்தது: 'அந்நியரால் அடைக்கப்பட்டிருக்கிறார்.' அதே நாளில் டிப்பரரியில் இரண்டு போலீஸ்காரர்கள் சுடப்பட்டார்கள். அப்புறம் இரண்டரை வருடம் கெரில்லாப் போர். 1920 நவம்பர் 21 காலையில், விடுதலைப் படையின் உளவுத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் டப்ளினில் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளை வீடு புகுந்து சுட்டார்கள். பிற்பகலில் க்ரோக் பார்க் மைதானத்தில் கால்பந்து பார்க்க வந்த கூட்டத்தின்மேல் பிரிட்டிஷ் படை சுட்டதில் 14 பேர் செத்தார்கள், ஆடிக்கொண்டிருந்த ஒருவர் உட்பட.

இந்தப் போரின் ஓசை ஜலந்தர்வரை கேட்டது. அங்கே முகாமிட்டிருந்த கன்னாட் ரேஞ்சர்ஸ் படையின் ஐரிஷ் சிப்பாய்கள், ஊரில் நடப்பதைக் கேட்டு 1920 ஜூனில் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அது சோலன் முகாமுக்கும் பரவியது. அங்கே தலைமை தாங்கிய ஜேம்ஸ் டேலி என்பவர் அதற்காகச் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆனால் அதற்கு முந்தைய வருடம் ஜாலியன்வாலா பாக் படுகொலையை ஆதரித்த பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓ'டயரும் டிப்பரரியில் பிறந்த ஐரிஷ்காரர்தான். பேரரசின் கீழே நசுங்கியவர்களும் அதன் சாட்டையைப் பிடித்தவர்களும் ஒரே நாட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார்கள்.

இப்போது பாகப்பிரிவினைக்கு வருவோம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1920-ல் லண்டன் ஒரு சட்டம் போட்டது: வடக்குக்கு ஒரு நாடாளுமன்றம், தெற்குக்கு ஒன்று. வடக்கு என்றால் எது? அல்ஸ்டர் மாகாணத்தில் ஒன்பது கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி. ஒன்பதையும் எடுத்தால், 1911 கணக்கெடுப்பின்படி புராட்டஸ்டன்ட்கள் 56 சதவீதம், கத்தோலிக்கர் 44. கத்தோலிக்கர் அதிகமாக இருந்த டோனிகால், கேவன், மானகன் மூன்றையும் கழற்றிவிட்டு ஆறை மட்டும் வைத்துக்கொண்டால் மூன்றில் இரண்டு பங்கு புராட்டஸ்டன்ட்கள். ஒன்பதை வைத்துக்கொண்டு அந்த மெல்லிய பெரும்பான்மையில் ஆட்சி நடத்த முடியாது என்று யூனியனிஸ்ட் உறுப்பினர் சார்லஸ் க்ரெய்க் நாடாளுமன்றத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். அதனால் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட அந்த மூன்று கவுண்டி புராட்டஸ்டன்ட்களையே கைவிட்டார்கள். அதே சமயம் கத்தோலிக்கப் பெரும்பான்மை இருந்த டைரோனையும் ஃபெர்மனாவையும் விடவில்லை. நான்கு கவுண்டி நாடு என்றால் ரொம்பச் சின்னதாகிவிடும். மாகாணத்தின் எல்லையும் அல்ல, மக்கள் விருப்பத்தின் எல்லையும் அல்ல. எத்தனை தலை இருந்தால் நாற்காலி ஆடாது என்று எண்ணிப் பார்த்துப் போட்ட கோடு.

கோட்டின் கோணலை ஒரு வரைபடத்தை விரித்தாலே பார்க்கலாம். தீவின் வடகோடியான மாலின் முனை 'தெற்கில்' இருக்கிறது. பெட்டிகோ என்ற சிற்றூரில் எல்லை ஓர் ஆற்றின் மேல் போகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் டோனிகால், அந்தப் பக்கம் ஃபெர்மனா. 1923-ல் சுங்கச்சாவடி வந்ததும் ஒரே கடைத்தெரு இரண்டு நாட்டுக் கடைத்தெருவாகிவிட்டது. 500 கிலோமீட்டர் எல்லையில் இருநூறுக்கும் மேற்பட்ட பாதைகள் இப்படிக் குறுக்கே போகின்றன. வரப்பு வந்தால் கடத்தலும் வரும். வெண்ணெயும் மாடும் எந்தப் பக்கம் விலை அதிகமோ அந்தப் பக்கம் நடந்தன.

1921 ஜூலையில் போர்நிறுத்தம். டிசம்பர் 6-ல் ஒப்பந்தம். 26 கவுண்டிகள் கனடா போல ஒரு டொமினியன், அதாவது பேரரசுக்குள்ளேயே தன்னைத் தானே ஆளும் நாடு ஆகும். மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் உண்டு. எல்லையை ஓர் ஆணையம் மறுபடி பார்க்கும். தன் சாவு ஓலையில் தானே கையெழுத்திட்டதாகக் காலின்ஸ் எழுதினார். டாயில் அதை 64-க்கு 57 என்று ஏற்றது. இன்றைக்குப் படிக்கும்போது திகைப்பாக இருப்பது இதுதான்: அந்த நீண்ட விவாதத்தில் பிரிவினையைப் பற்றிப் பேசியது கொஞ்சம், பிரமாணத்தைப் பற்றிப் பேசியது பெரும்பகுதி. ஆணையம் வந்தால் வடக்கு சுருங்கி, தானே விழுந்துவிடும் என்று இரு தரப்பும் நம்பிவிட்டது. ஆணையம் 1925-ல் முடித்தபோது பெரிய மாற்றம் எதுவும் இல்லை, தெற்கே கொஞ்சம் இழக்கும் என்று பத்திரிகையில் கசிந்தது. மூன்று அரசும் சேர்ந்து அறிக்கையைப் பூட்டிவைத்துவிட்டன.

அதற்குள் பங்காளிச் சண்டை நடந்து முடிந்திருந்தது. 1922 ஜூன் 28-ல், ஒப்பந்தத்தை ஏற்காதவர்கள் பிடித்துவைத்திருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தைக் காலின்ஸின் படை பிரிட்டிஷாரிடம் வாங்கிய பீரங்கியால் தாக்கியது. அங்கே இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதி மக்கள்தொகைக் கணக்கேடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. கருகிய தாள்கள் நகரம் முழுக்கப் பறந்து விழுந்தன. ஆகஸ்ட் 22-ல் காலின்ஸ் சொந்த ஊர்ப்பக்கமான கார்க் கவுண்டியில் பதுங்கித் தாக்கப்பட்டுச் செத்தார், வயது 31. புதிய ஐரிஷ் அரசு தன் பழைய தோழர்கள் 77 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. அந்த இரண்டு தரப்பும் ஃபியனா ஃபால், ஃபீன கேல் என்று இரண்டு கட்சிகளாகி, 2020 வரைக்கும் சேர்ந்து ஒரு கூட்டணி அரசில் உட்காரவில்லை. கொள்கையில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் வாக்காளர்களே தலையைச் சொறிவார்கள். தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்பதுதான் வித்தியாசம்.

தெற்கைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகவும் சொல்லவேண்டும். ஒப்பந்தத்தை எதிர்த்த தரப்பின் தலைவராக இருந்து பிறகு ஆட்சிக்கு வந்த டி வலேரா கொண்டுவந்த 1937 அரசியலமைப்பு கத்தோலிக்கத் திருச்சபைக்கு 'தனிச் சிறப்பு நிலை' கொடுத்தது. அது 1972-ல்தான் நீக்கப்பட்டது. விவாகரத்துக்கு இருந்த தடை 1995 வரை இருந்தது. வாக்கெடுப்பில் மயிரிழையில்தான் போயிற்று. 26 கவுண்டிகளில் 1911-ல் சுமார் 10 சதவீதமாக இருந்த புராட்டஸ்டன்ட்கள் 1926-க்குள் 7 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். 'ரோம் ரூல்' என்ற வடக்கின் பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்ல எனக்கு வாய் வராது. (நம் அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகள் என்ற பகுதிக்கு முன்மாதிரி அதே 1937 ஐரிஷ் அரசியலமைப்புதான், நல்லவேளையாகத் திருச்சபைப் பகுதியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.)

வடக்கில் நடந்தது அதைவிட மோசம். கோடு போட்டு உண்டாக்கிய பெரும்பான்மை எங்கே கரைந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஐம்பது வருடம் ஆண்டார்கள். விகிதாசார முறையை ஒழித்தார்கள். வாரண்ட் இல்லாமல் அடைக்க 1922-லேயே சட்டம் போட்டார்கள். எப்படி எண்ணினார்கள் என்பதைப் பார்க்க டெர்ரி நகராட்சி ஒன்று போதும். 1967-ல் அங்கே கத்தோலிக்க வாக்காளர் 14,429, மற்றவர் 8,781. மன்றத்திலோ யூனியனிஸ்ட்கள் 12, எதிர்த்தரப்பு 8. எப்படி? பத்தாயிரம் கத்தோலிக்கரைத் தெற்கு வார்டில் ஒரே மூட்டையாகக் கட்டி அதற்கு 8 இடம் கொடுத்தார்கள். மற்ற இரண்டு வார்டுகளில் போதுமான பெரும்பான்மையோடு 8-ம் 4-ம் எடுத்துக்கொண்டார்கள். இதில் இன்னொரு பூட்டு: உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுக்காரருக்கும் துணைக்கும்தான் ஓட்டு, அந்த வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிடையாது. ஆக, ஒரு குடும்பத்துக்கு அரசு வீடு ஒதுக்குவது என்பது இரண்டு ஓட்டு ஒதுக்குவது. அதனால்தான் கத்தோலிக்கக் குடும்பங்கள் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தன.

1968 ஜூனில் டைரோன் கவுண்டியின் கேலிடன் கிராமத்தில், சிறு பிள்ளைகளோடு ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தை வெளியேற்றினார்கள். பக்கத்து வீடு திருமணமாகாத 19 வயது புராட்டஸ்டன்ட் பெண்ணுக்குப் போயிருந்தது. சட்டமன்ற உறுப்பினர் ஆஸ்டின் கரி அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார். அக்டோபர் 5-ல் டெர்ரியில் சம உரிமை ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்து நொறுக்கியதைத் தொலைக்காட்சி உலகத்துக்கே காட்டியது. கேட்டது ஐக்கிய அயர்லாந்து இல்லை. ஆளுக்கொரு ஓட்டும் நியாயமான வீடு ஒதுக்கீடும். அதைக் கொடுத்திருந்தால் துப்பாக்கிக்கு வேலை வந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1969 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியபோது கத்தோலிக்க வீட்டுப் பெண்கள் சிப்பாய்களுக்கு டீ கொடுத்தார்கள். இரண்டரை வருடத்தில் எல்லாம் தலைகீழ். 1972 ஜனவரி 30, டெர்ரியில் பாராசூட் படை நிராயுதபாணி ஊர்வலக்காரர்களைச் சுட்டதில் 13 பேர் அன்றே செத்தார்கள், ஒருவர் பிறகு. முதல் விசாரணை ராணுவத்துக்கு வெள்ளையடித்தது. உண்மையை ஒப்புக்கொள்ள 2010 வரை 38 வருடம் ஆயிற்று. அந்த ஞாயிறுக்குப் பிறகு, ஐக்கிய அயர்லாந்துக்காக ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசுப் படையான ஐ.ஆர்.ஏ.வில் சேர வரிசை நின்றது. அந்த ஒரே வருடத்தில் 470 பேருக்கு மேல் மாண்டார்கள். 1981-ல் சிறையில் பாபி சாண்ட்ஸ் உட்படப் பத்துப் பேர் உண்ணாவிரதத்தில் இறந்தார்கள். சாண்ட்ஸ் அதற்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

முப்பது வருடத்தில் 3,500 பேருக்கு மேல். இதைப் பிரிட்டிஷ் கொடுமை என்று மட்டும் சொல்லி முடிப்பது வசதி. ஆனால் அந்தச் சாவுகளில் ஏறக்குறைய அறுபது சதவீதம் ஐ.ஆர்.ஏ. முதலிய குடியரசுவாதக் குழுக்கள் செய்தவை. முப்பது சதவீதம் பிரிட்டன் பக்கம் நின்ற லாயலிஸ்ட் ஆயுதக் குழுக்கள். பத்து சதவீதம் ராணுவமும் போலீசும். ஜீன் மெக்கான்வில் பத்துப் பிள்ளைகளின் தாய், கணவரை இழந்தவர். 1972-ல் உளவாளி என்று சொல்லி ஐ.ஆர்.ஏ. வீட்டிலிருந்து இழுத்துப்போனது. உடல் 2003-ல் கடற்கரை மணலில் கிடைத்தது. ஐக்கிய அயர்லாந்து என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருப்பதற்கு இது போன்ற கதைகளும் காரணம்.

1998 ஏப்ரல் 10 புனித வெள்ளி ஒப்பந்தம் இந்த மோதலைத் தீர்த்தது என்பதைவிட, துப்பாக்கி இல்லாமல் தொடர வழி செய்தது என்பேன். வடக்கின் பெரும்பான்மை விரும்பும்வரை அது பிரிட்டனில் இருக்கும். ஒவ்வொருவரும் பிரிட்டிஷாராகவோ ஐரிஷாராகவோ இரண்டுமாகவோ இருக்கலாம், இரண்டு பாஸ்போர்ட்டும் வாங்கலாம். ஆட்சியில் இரு தரப்பும் சேர்ந்தே உட்காரவேண்டும். கைதிகளை இரண்டு வருடத்தில் விட்டார்கள். தன் மகனைக் கொன்றவர் கடைத்தெருவில் எதிரே வருவதைப் பார்த்துக்கொண்டு வாழவேண்டியிருந்தது. வாக்கெடுப்பில் வடக்கில் 71 சதவீதமும் தெற்கில் 94 சதவீதமும் ஆதரவு. மூன்று மாதம் கழித்து, ஒப்பந்தத்தை ஏற்காத ஒரு குழு ஓமா ஊரில் வைத்த குண்டில் 29 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் ஒப்பந்தம் உடையவில்லை.

ஆனால் சுவர் நிற்கிறது. பெல்ஃபாஸ்ட்டில் கத்தோலிக்க ஃபால்ஸ் பகுதிக்கும் புராட்டஸ்டன்ட் ஷாங்கில் பகுதிக்கும் நடுவில் 1969-ல் தற்காலிகமாக என்று சொல்லி வைத்த தடுப்பு, இன்று இரண்டாள் உயரத்தையும் தாண்டிய மதில். அதில் உள்ள வாசல்களைச் சாயங்காலமானால் பூட்டுகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இன்னும் தனித்தனிப் பள்ளிக்குத்தான் போகிறார்கள்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட் பழைய காயத்தைக் கீறியது. வடக்கு 56 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தது. தெற்கு ஒன்றியத்திலேயே இருந்ததால் இரண்டுக்கும் நடுவில் சரக்குச் சோதனை தேவைப்பட்டது. நிலத்தில் சாவடி போட்டால் அமைதி கெடும் என்று, சரக்குச் சோதனையைக் கடலுக்குத் தள்ளினார்கள். அதாவது வடக்குக்கும் மற்ற பிரிட்டனுக்கும் நடுவில். யூனியனிஸ்ட்கள் கொதித்து இரண்டு வருடம் ஆட்சியை முடக்கினார்கள். 2024 பிப்ரவரியில் அது மறுபடி கூடியபோது முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர் சின் ஃபெய்னின் மிஷேல் ஓ'நீல்.

சரி, மூன்றாவது கேள்வி: ஒன்று சேருமா? சட்டப்படி வழி இருக்கிறது. பெரும்பான்மை சேர விரும்பக்கூடும் என்று லண்டன் அமைச்சருக்குத் தோன்றினால் அவர் வடக்கில் வாக்கெடுப்பு நடத்தியாகவேண்டும். தெற்கின் சம்மதமும் வேண்டும். தோற்றால் ஏழு வருடத்துக்கு மறுபடி கேட்க முடியாது. 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் பின்னணி 43.5. எதற்காகக் கோடு போட்டார்களோ அந்தக் கணக்கு நூறு வருடத்தில் கவிழ்ந்துவிட்டது. உடனே தெற்கோடு சேர்ந்துவிடுவார்கள் என்று துள்ளவேண்டாம். அதே கணக்கெடுப்பில் 'நான் ஐரிஷ் மட்டும்' என்றவர்கள் 29.1 சதவீதம்தான். 'பிரிட்டிஷ் மட்டும்' 31.9. 'வட ஐரிஷ் மட்டும்' என்று 19.8 சதவீதம் பேர் இரண்டு பக்கமும் சாராமல் நின்றார்கள்.

வாக்கெடுப்பு வந்தால் இந்த நடுவில் நிற்பவர்கள்தான் முடிவு செய்வார்கள். அவர்கள் பேச்சில் பாய்ன் ஆறும் வராது, தபால் நிலையமும் வராது. வடக்கில் டாக்டரைப் போய்ப் பார்த்தால் காசு கிடையாது. தெற்கில் இலவச மருத்துவத்துக்கான அட்டை இல்லாதவர் ஒருமுறை பார்க்க 50, 60 யூரோ எடுத்துவைக்கவேண்டும். அதைச் சேர்ந்த பிறகு யார் கொடுப்பார்கள் என்றுதான் கேட்கிறார்கள்.